கூட இருந்தவனே சொல்வான்

கே: நாலு கம்பெனிகள் கமுக்கமாகப் பேசி விலையை ஏற்றினால் போட்டி ஆணையத்துக்கு எப்படித் தெரியும்? அதற்கு இன்னும் அதிகாரம் எதற்கு?

ப: கூட இருந்தவனே வந்து சொல்வான்! பீர் கம்பெனிகளின் விலைக் கூட்டு அப்படித்தான் அம்பலமானது. 2018-ல் சோதனை, 2021-ல் தீர்ப்பு. முதலில் வாய் திறந்த நிறுவனத்துக்கு அபராதம் முழுத் தள்ளுபடி. மாட்டிக்கொண்ட மற்ற இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 873 கோடி ரூபாய்!

போட்டிச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பின், விசாரணையில் இருப்பவர் வேறொரு கூட்டையும் காட்டிக்கொடுத்தால் கூடுதல் சலுகை உண்டு. அபராதத்தையும் உலக விற்றுமுதலை வைத்தே கணக்கிடலாம். ஏற்றிய விலையைக் கொடுப்பது நாம்தானே, அதிகாரம் கூடட்டும். ஆனால் சோதனைக்கு முன் டெல்லி மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி வாங்கும் விதி மட்டும் தளரவே கூடாது.