சேர்வர் மாமாவைக் கேளுங்கள்

இம்முறை வவுனியா நெளுக்குளத்திலிருந்தும் வன்னியின் மற்ற ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகள். பெரும்பாலானவை வலைத்தளம் கட்டும் பி.எச்.பி. மொழி, மை.எஸ்.கியூ.எல். தரவுத்தளம் பற்றியவை. மாமா தயார்.

கேள்வி: மாமா, பக்கம் முழுக்க வெள்ளையாய் வருது. ஒரு எழுத்துக்கூட இல்லை. என்ன செய்ய?
(தொழில்நுட்பக் கல்லூரி மாணவன், நெளுக்குளம்)

பதில்: பிழை பேச வருகிறது தம்பி, நீர்தான் வாயைப் பொத்தி வைத்திருக்கிறீர். பி.எச்.பி. அமைப்புக் கோப்பில் 'டிஸ்ப்ளே எரர்ஸ்' ஓஃபில் கிடக்கும். அதை ஓன் பண்ணி, அப்பாச்சி சேர்வரை நிறுத்தித் திரும்பத் தொடக்கும். கோப்பின் பெயரும் வரி இலக்கமும் தானாக வந்து நிற்கும். ஊருக்குத் திறந்துவிட்ட தளத்தில் மட்டும் அது ஓஃபாகவே இருக்கட்டும். அங்கே பிழைகள் லொக் கோப்புக்குள் போகட்டும். வீட்டுப் பிழையை வீட்டுக்குள் வாசி, வீதியில் வாசிக்காதே!

கேள்வி: 47ஆம் வரியில் பிழை என்கிறது. அந்த வரியைப் பத்துத் தரம் பார்த்துவிட்டேன், ஒன்றுமே இல்லை!
(குருமன்காடு)

பதில்: 46ஐப் பாரும். அரைப்புள்ளியை விட்டது அங்கே. அடுத்த சொல்லைக் கண்ட பிறகுதான் முந்தியது முடியவில்லை என்பதே பி.எச்.பி.க்குத் தெரியவரும். கோப்பின் கடைசி வரியில் பிழை என்றால் மேலே எங்கோ ஓர் அடைப்பு மூடப்படவில்லை. குற்றம் நடந்த இடம் வேறு, ஆள் பிடிபட்ட இடம் வேறு.

கேள்வி: ஆங்கிலம் எனக்குக் குறைவு. பிழைச்செய்தியைக் கண்டாலே பயமாயிருக்கு, மாமா.
(நெடுங்கேணி மாணவி)

பதில்: பயப்படாதேயும் பிள்ளை. நாளாந்தம் வருகிற பிழைச்செய்திகளில் திரும்பத் திரும்ப வருவது ஒரு கைப்பிடிச் சொற்கள்தான். 'அன்டிஃபைன்ட்' என்றால் நீர் அறிமுகப்படுத்தாத பெயர். 'அன்எக்ஸ்பெக்டட்' என்றால் இடம் மாறி வந்த குறி. 'டினைட்' என்றால் அனுமதி இல்லை. இவற்றோடு கோப்பின் பெயரும் வரி இலக்கமும் வரும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு வரி எழுதி வையும். பக்கம் நிரம்புவதற்கு முந்திப் பயம் தீர்ந்துவிடும்.

கேள்வி: ரியூசன் நோட்ஸில் உள்ளபடி 'மை.எஸ்.கியூ.எல். கனெக்ட்' என்று எழுதினேன், அப்படி ஒன்றே இல்லை என்கிறது. சேர் பிழையாப் படிப்பித்துவிட்டாரா?
(செட்டிகுளம்)

பதில்: சேர் சரி, வருடம் பிழை. 2013இல் 5.5ஆம் பதிப்பு "இது போகப்போகிறது" என்று எச்சரித்தது. 2015 டிசம்பரில் வந்த 7ஆம் பதிப்பு அதைத் தூக்கிவிட்டது. இப்போது பி.டி.ஓ. அல்லது மை.எஸ்.கியூ.எல்.ஐ. நோட்ஸ் வாங்கும்போது பால்மாப் பைக்கற்றைப் போலத் திகதி பார்த்து வாங்கும்.

கேள்வி: தமிழில் பெயரைப் பதிந்தால் தரவுத்தளத்தில் வெறும் கேள்விக்குறியாக நிற்கிறது!
(புதுக்குடியிருப்பு)

பதில்: தமிழ் வருகிறது என்று தரவுத்தளத்துக்கு நீர் சொல்லவில்லை. மை.எஸ்.கியூ.எல். நெடுங்காலம் 'லத்தீன்1' என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுதியோடுதான் பிறந்தது. 2018இல் வந்த 8ஆம் பதிப்பில்தான் வழக்கம் மாறியது. அட்டவணை, இணைப்பு, வலைப்பக்கம் ஆகிய மூன்று இடத்திலும் யூ.டி.எஃப்-8 என்று சொல்லும். இரண்டு இடத்தில் சொல்லி ஒன்றை விட்டால் ஒன்றுமே சொல்லாத கணக்கு. ஏற்கெனவே கேள்விக்குறியாகப் பதிந்தவை திரும்பி வரா. வழி நான் சொல்லிவிட்டேன், பெயர்களைத் திரும்ப அடிக்க வேண்டியவர் நீர்.

கேள்வி: மை.எஸ்.கியூ.எல்.லில் 'யூ.டி.எஃப்8' என்றும் இருக்கு, 'யூ.டி.எஃப்8எம்பி4' என்றும் இருக்கு. எது?
(அதே ஊர், வேறு ஆள்)

பதில்: பின்னது. முன்னது மூன்று பைட்டோடு களைத்துவிடும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் போதும் என்பதால் நமக்குத் தெரியாமலே வேலை நடக்கும். யாராவது ஒரு சிரித்த முகத்தைத் தட்டினால் அதற்கு நாலு பைட் வேண்டும். அந்த இடத்தில் பதிவு முறியும். தமிழ் மட்டும் எழுதுகிறவர் பழசோடு தப்புவார். சிரிக்கிறவருக்குப் புதிசு வேணும்.

கேள்வி: 'தமிழ்' மூன்று எழுத்து. பி.எச்.பி. 15 என்கிறதே! அதற்குக் கணக்குத் தெரியாதா?
(பல்கலைக்கழக மாணவன், பம்பைமடு)

பதில்: நல்லாத் தெரியும். 'ஸ்ட்ர்லென்' பைட்டை எண்ணும்: 15. 'எம்பி ஸ்ட்ர்லென்' யூனிகோட் குறிகளை எண்ணும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி, ஆக 5. 'கிராஃபீம் ஸ்ட்ர்லென்' நம்மைப் போல எண்ணும்: 3. மூன்று விடையும் சரி. ஊர்ப் பெயருக்கு 20 பைட் போதும் என்று வெட்டிப் பாரும்: முள்ளியவளைக்கு 30 பைட் வேண்டும், அது 'முள்ளி'யோடு நின்றுவிடும். பின்னால் இரண்டு பைட் உடைந்து தொங்கும். ஊர்ச் சனம் உம்மைத் தேடி வரும்.

கேள்வி: 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்' என்று திட்டுகிறது. முதல் வரிக்கு முந்தி ஓர் இடைவெளிகூட இல்லை மாமா, சத்தியமாய்!
(ஓமந்தை)

பதில்: சத்தியத்தை வாபஸ் வாங்கும். பழைய நோட்பேட்டில் யூ.டி.எஃப்-8 என்று தெரிவுசெய்துதானே சேமித்தீர்? அது கோப்பின் தலையில் 'பி.ஓ.எம்.' என்று மூன்று பைட்டை ஒட்டிவிடும், திரையில் தெரியாது. தமிழ் எழுத வெளிக்கிட்டவர்களைத்தான் இது தேடிப் பிடிக்கும். வி.எஸ். கோட், நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் இரண்டிலும் 'பி.ஓ.எம். இல்லாமல்' சேமிக்க வழி இருக்கிறது. காணாததெல்லாம் இல்லாததல்ல. சமய பாடத்தில் படித்ததுதான், செய்நிரலுக்கும் பொருந்தும்.

கேள்வி: கமக்காரர் அமைப்புக்கு ஒரு பதிவேடு செய்தேன். புதிய அடையாள அட்டை உள்ள எல்லாருக்கும் 2147483647 என்ற ஒரே இலக்கம் விழுகிறது. பேய் வேலையா?
(மாங்குளம்)

பதில்: 'இன்ட்' வேலை. அந்த வகை தாங்கக்கூடிய உச்சம் அதுதான். 2016இலிருந்து வரும் அடையாள அட்டைக்கு 12 இலக்கம். மை.எஸ்.கியூ.எல்.லின் கண்டிப்பு நிலை ஓஃபில் இருந்தபடியால் எல்லாரையும் உச்சத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. வவுனியாத் தொலைபேசியின் 024ஐப் போட்டாலும் 24 ஆக்கிவிடும். கூட்டிக் கழிக்காத இலக்கம் எழுத்துத்தான்; 'வார்கார்' என்று வையும். 2147483647 ஒரு பகா எண் என்று 1772இல் ஆய்லர் நிறுவிவிட்டார். உம்முடைய கமக்காரர் அதைத் திரும்ப நிறுவத் தேவையில்லை.

கேள்வி: டி'குரூஸ் என்றொருவர் பதிந்தால் மட்டும் என் தளம் விழுகிறது. அவரைப் பதியாமல் விடலாமா?
(மன்னார் வீதி)

பதில்: அவரை விடாதேயும், உம்முடைய கோட்டைத் திருத்தும்! அந்தப் பெயரிலுள்ள குறி எஸ்.கியூ.எல். கட்டளையை நடுவழியில் மூடிவிடுகிறது. ஓர் அப்பாவிப் பெயரே கட்டளையை முறிக்குமென்றால் கள்ளன் வேண்டுமென்றே எழுதி அனுப்புவது என்ன செய்யும்? இந்த ஓட்டையைப் பற்றி 1998இலேயே 'ஃப்ராக்' இதழில் ஜெஃப் ஃபோரிஸ்டல் எழுதிவிட்டார். மருந்து 'பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்': கட்டளை தனியாகப் போகும், பெயர் தனியாகப் போகும். டி'குரூசுக்கு நன்றி சொல்லும். கள்ளனுக்கு முந்தி வந்து சொல்லிவிட்டார்.

கேள்வி: கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கு அதையே மின்னஞ்சலில் அனுப்புவது எப்படி?
(வைரவபுளியங்குளம்)

பதில்: அனுப்ப முடிகிறதென்றால் அதை அப்படியே சேர்த்து வைத்திருக்கிறீர். முதல் பிழை அதுதான். கடவுச்சொல்லைத் திரும்ப வாசிக்க முடியாதபடி மாற்றி வைக்கும் 'பாஸ்வேர்ட் ஹாஷ்' 2013இலிருந்து பி.எச்.பி.க்குள்ளேயே இருக்கிறது. பழைய எம்.டி.5 முறையை நம்பாதேயும், 2004இலேயே அதன் மானம் போய்விட்டது. மறந்தவருக்குப் புதிதாக ஒன்று வைக்கும் இணைப்பை அனுப்பும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நாட்டில் இருக்கிறது. தளம் கட்டினவருக்கே தெரியாத கடவுச்சொல்தான் நல்ல கடவுச்சொல்.

கேள்வி: சிநேகிதனுக்கு 'லோக்கல்ஹோஸ்ட்' இணைப்பை அனுப்பினேன். ஒன்றும் வரவில்லை என்கிறான். பொறாமையா?
(இறம்பைக்குளம்)

பதில்: உண்மை பேசுகிறான். லோக்கல்ஹோஸ்ட் என்றால் 127.0.0.1, அவரவர் கணினி. அவன் தன்னுடைய கணினியில் தேடினான், அங்கே நீர் இல்லை. தளத்தை ஏற்றிவிட்டு அனுப்பும், அதற்குப் பிறகு பொறாமையைப் பார்ப்போம்.

கேள்வி: ஏற்றிவிட்டேன் மாமா! வீட்டில் ஓடின தளம் இப்போது கோப்பைக் காணவில்லை என்கிறது.
(மீண்டும் இறம்பைக்குளம்)

பதில்: விண்டோஸ் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டையும் ஒன்றாக எடுக்கும். சேர்வரில் இருக்கிற லினக்ஸ் எடுக்காது. கோப்புப் பெயர் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் வையும். லினக்ஸ் கறார், அதோடு வாதாடி வென்றவர் இல்லை.

கேள்வி: பெயர்ப்பட்டியலை அகர வரிசைப்படுத்தினால் 'ன' போய் 'ப'வுக்கு முன்னால் நிற்கிறது!
(தமிழாசிரியை, முல்லைத்தீவு)

பதில்: யூனிகோட் அட்டவணையில் நகரத்துக்குப் பக்கத்தில் னகரத்தை இருத்திவிட்டார்கள் ரீச்சர், குறி எண்ணைப் பார்த்து அடுக்கினால் அப்படித்தான் வரும். பி.எச்.பி.யின் 'இன்டெல்' நீட்சியில் 'கொலேட்டர்' இருக்கிறது. அதற்கு மொழி தமிழ் என்று சொன்னால் னகரம் கடைசி வாங்குக்குப் போய்விடும். நீங்கள் வகுப்பில் சொன்னால் கேட்பது போல அதுவும் கேட்கும்.

கேள்வி: 1998இல் மல்லாவியில் பிறந்த அக்காவுக்குச் சாதகம் கணிக்கச் செய்நிரல் எழுதினேன். நேர வலயம் 'ஏசியா/கொழும்பு'. அப்பு எழுதி வைத்த குறிப்போடு லக்கினம் ஒத்துவரவில்லை. கோட் பிழையா, அப்பு பிழையா?
(கிளிநொச்சி)

பதில்: இரண்டும் சரி! 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது: முதலில் ஒரு மணித்தியாலம், அதே வருடம் அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்கு வந்தது. இந்தக் கதை முழுவதும் 'ஏசியா/கொழும்பு'வுக்குள் பதிந்திருக்கிறது. ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அந்த மாற்றத்தை ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே ஓடியது. அப்புவின் மணிக்கூடு பழைய நேரம், உம்முடைய கோட் புதிய நேரம். அந்தப் பத்து வருடத்து வன்னிப் பிறப்புகளுக்கு 'ஏசியா/கொல்கத்தா' என்று வையும். அக்காவின் லக்கினம் வீட்டுக்கு வந்துவிடும்.

கேள்வி: ஏ.ஐ. எல்லாக் கோட்டும் எழுதித் தருகிறதே. நான் ஏன் படிக்க வேண்டும்?
(பரந்தன்)

பதில்: எழுதித் தரட்டும், வாங்கும். மல்லாவிச் சாதகத்தையும் அதனிடம் கொடுத்துப் பாரும். கொழும்பு நேரத்தில் கணித்து நீட்டினால், அதைப் பிடிக்கத் தெரிந்தவர் வேண்டுமே! அதற்காகப் படியும்.

கேள்வி: பி.எச்.பி. செத்துவிட்டது, நோட்.ஜே.எஸ். படி என்கிறார்கள். உண்மையா?
(கோவில்குளம்)

பதில்: ராஸ்மஸ் லேர்டோர்ஃப் 1995இல் பி.எச்.பி.யை வெளியிட்டார். விக்கிப்பீடியா இன்றும் அதில்தான் ஓடுகிறது. நம்முடைய பழைய பத்திரிகைகளையும் நூல்களையும் 2005இலிருந்து சேர்த்துவரும் நூலகம் திட்டமும் விக்கிப்பீடியாவின் அதே மீடியாவிக்கி மென்பொருளில், அதாவது பி.எச்.பி.யில்தான் நிற்கிறது. நோட்.ஜே.எஸ்.ஸும் படியும், நல்லது. செத்துவிட்டது என்று எழுதியவர் அதை வேர்ட்பிரஸ்ஸில் எழுதினாரா என்று ஒருக்கால் பாரும், அதுவும் பி.எச்.பி.

கேள்வி: இங்கே படிக்க இடம் எங்கே மாமா? கொழும்புக்குத்தானே போகவேணும்?
(நெளுக்குளம்)

பதில்: வாசலுக்கு வந்து வீதியைப் பாரும். தொழில்நுட்பக் கல்லூரி உம்முடைய ஊரிலேயே. மன்னார் வீதியில் இன்னும் கொஞ்சம் போனால் பம்பைமடுவில் பல்கலைக்கழகம். அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக 1997இல் உருவானது, 2021 ஆகஸ்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகம். உயர்தரத்து ஐ.சி.டி. பாடத்திலேயே பி.எச்.பி.யும் மை.எஸ்.கியூ.எல்.லும் வருகின்றன. படிக்க இடமில்லை என்று சொல்ல இந்த வீதியில் இடமில்லை.

கேள்வி: படித்து முடித்தால் நெளுக்குளத்திலிருந்து என்னதான் பெரிதாகச் செய்துவிட முடியும்?
(அதே வாசகர்)

பதில்: 2004 டிசம்பர் 26இல் கடல் முல்லைத்தீவையும் அள்ளிக்கொண்டு போனது. அடுத்த சில கிழமைகளில் இலங்கையின் தன்னார்வ நிரலாளர்கள் கூடிச் 'சகனா' என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி கேட்போர் பதிவு எல்லாம் அதில் இருந்தன. எழுதியது நீர் பயந்துகொண்டிருக்கிற இதே பி.எச்.பி., மை.எஸ்.கியூ.எல்.லில். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்காக வழங்கும் விருது 2006ஆம் ஆண்டுக்கு அதற்குக் கிடைத்தது. பிறகு வேறு நாடுகளின் அனர்த்தங்களுக்கும் போனது.

2009இல் இடம்பெயர்ந்த சனம் நெளுக்குளத்துப் பாடசாலைக் கட்டடங்களிலும் தங்கியது. தாய் ஒரு முகாம், பிள்ளை ஒரு முகாம் என்று தேடி அலைந்தவர்களை உம்முடைய வீட்டில் கேட்டால் சொல்வார்கள். ஒரு பெயர் சரியாகப் பதிந்து, சரியாகத் தேடக் கிடைப்பதன் பெறுமதி இந்த ஊருக்குத் தெரிந்த அளவு வேறு ஊருக்குத் தெரியாது. ஆகவே முள்ளியவளையை வெட்டாத, டி'குரூசைத் தள்ளாத, யாருடைய பெயரையும் கேள்விக்குறியாக்காத ஒரு பதிவேட்டை எழுதும். எழுதிவிட்டு எனக்கும் இணைப்பை அனுப்பும். லோக்கல்ஹோஸ்ட் வேண்டாம்!