பலகைப் பஞ்சாயத்து

கேள்வி: கனடா மரப்பலகை மீது அமெரிக்காவுக்கு அப்படியென்ன கோபம்? பிடிக்காவிட்டால் வாங்காமல் இருக்க வேண்டியதுதானே!

பதில்: அப்புறம் வீட்டை எதில் கட்டுவது? அங்கே பெரும்பாலான வீடுகளுக்குச் சுவரைத் தாங்கும் சட்டமே பைன், ஸ்ப்ரூஸ் மரந்தான். உள்ளூர்ப் பலகை போதாது. கனடாவிடம் போய்த்தான் ஆக வேண்டும்.

வில்லங்கம் காட்டில் இருக்கிறது. கனடாவில் காடு பெரும்பாலும் அரசு சொத்து. மரத்துக்கு அரசே விலை வைக்கிறது. அமெரிக்காவில் பெரும்பகுதி தனியார் காட்டு மரம், சந்தை விலைதான். ‘அடிமாட்டு விலைக்குக் கொடுப்பது மறைமுக மானியம்’ என்று 1982-ல் அமெரிக்க மில்காரர்கள் வழக்கை ஆரம்பித்தார்கள். 1986-ல் 15 சதவீத ஏற்றுமதி வரி, 1996-ல் ஏற்றுமதி அளவுக்கு ஒதுக்கீடு, 2002-ல் இறக்குமதி வரி. 2006-ல் சமரசமாகி, வசூலித்த 500 கோடி டாலரில் சுமார் 400 கோடியை அமெரிக்கா திருப்பிக் கொடுத்தது. 2015-ல் அந்த ஒப்பந்தம் காலாவதியானது. 2017-ல் மறுபடியும் வரி.

பலன்? 1990-களில் அமெரிக்கா பயன்படுத்திய பலகையில் மூன்றில் ஒரு பங்கு கனடாவுடையது. இப்போது ஏறக்குறைய நாலில் ஒன்று. அந்த இடைவெளியில் ஜெர்மனிப் பலகையும் ஸ்வீடன் பலகையும் கடல் தாண்டி வந்து இறங்குகின்றன. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இரு தரப்பு வக்கீல்களையும் கூத்தாடிகள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்; டிக்கெட் காசு மட்டும் வீடு கட்டுகிறவருடையது!