சுவரில் ஒரு துப்பாக்கி

அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரரோடு சுமுகமாக இருக்க இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. ஒன்று பார்க்கிங், இன்னொன்று கழிப்பறைச் சுவரில் துப்பாக்கிபோலத் தொங்கும் ஹெல்த் ஃபாசெட். பார்க்கிங் தகராறு அசோசியேஷன் கூட்டத்தோடு முடிந்துவிடும். ஹெல்த் ஃபாசெட் கசிந்தாலோ, அவர் வீட்டு ஃபால்ஸ் சீலிங்கில் பழுப்பாகக் கறை படரும். அவர் அதைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதி வைப்பார்.

பிளம்பர் திங்கட்கிழமையிலிருந்து "பக்கத்துலதான் சார் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்ததால், புது ஹெல்த் ஃபாசெட்டை மாட்ட நானே ஸ்பேனரை எடுத்தேன். "மாடியில டேங்க் வால்வை மூடிட்டு ஆரம்பிங்க. போனை நனையாத இடத்துல வைங்க" என்றாள் மனைவி. என் திறமைமேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

சுவரில் ஆங்கிள் காக், அதாவது ஹோஸுக்குத் தண்ணீர் விடும் சுவர்க் குழாய், ஏறும் மரைக்கு டெஃப்லான் டேப் வேண்டும். கோயில் பிரதட்சிணம்போல வலமாகவே சுற்ற வேண்டும்; இடமாகச் சுற்றினால் முடுக்கும்போது உரிந்து வந்துவிடும். ஹோஸ் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறது; அங்கே டேப் வேண்டாம். கையால் முடுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று போதும். ஆங்கிள் காக்கிடம் வீரத்தைக் காட்டினால் டைல்ஸுக்குப் பின்னாலிருக்கும் எல்போ உடையும். பிறகு பிளம்பரோடு கொத்தனாரும் "பக்கத்துலதான்" இருப்பார்.

மாட்டியதும் இணைப்புக்குக் கீழே காய்ந்த செய்தித்தாளை விரித்து வைத்தேன். காலையில் ராசிபலன் பக்கம் நனைந்திருந்தால் பலன் சரியில்லை என்று அர்த்தம். நனையவில்லை.

அதோடு முடியவில்லை. துப்பாக்கி விசையை விட்டதும் தண்ணீர் நிற்கிறது; ஹோஸுக்குள் அழுத்தம் நிற்பதில்லை. தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ 1 பார் அழுத்தம். கீழ்த்தளத்துக்காரருக்குத்தான் அதிகம். ஹோஸின் மேலே பளபளக்கும் எஃகுப் பின்னலைப் பார்த்து ஏமாறக் கூடாது. உள்ளே இருப்பது மெல்லிய குழாய்தான். இரவு பகலாக அழுத்தம் தாங்கினால் ஒருநாள் வெடிக்கும், பெரும்பாலும் நாம் குலதெய்வம் கோயிலுக்குப் போன அன்று.

ஆகவே "வேலை முடிந்ததும் சுவர்க் குழாயை மூடவும்" என்று எழுதி ஒட்டினேன். ஊரிலிருந்து வந்த பெரியப்பா அதைச் சத்தமாகப் படித்தார். "எங்க காலத்துல சொம்பு இருந்துச்சு. அதுக்கு நோட்டீஸ் ஒட்டினதில்லப்பா" என்றார். சொன்னாலும், மூடிவிட்டுத்தான் வந்தார்.

ஊருக்குக் கிளம்பினால் கேஸை மூடினோமா என்று செங்கல்பட்டு தாண்டியபிறகு யோசிப்பது நம் வழக்கம். ஆங்கிள் காக்கையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து, வீட்டைப் பூட்டும் முன்பே யோசியுங்கள்.