மாநாட்டு விருந்தாளிக்கு ஹட் பே காட்டுற வழி

மாப்ளே, வாட்ஸப்புல நீ அனுப்புன திட்டத்தைப் பேத்தி வாசிச்சுக் காட்டுனா. போர்ட் பிளேர் மாநாட்டுக்கு வந்த பெரிய மனுசங்களை ஒரே நாள்ல நம்ம லிட்டில் அந்தமான் ஹட் பேக்குக் கூட்டியாந்து, அருவி, கடற்கரை, பாமாயில் தோப்பு அம்புட்டையும் காட்டி, ராத்திரி விருந்துக்குத் திரும்பக் கொண்டாந்து சேக்கணுமாம். பிரமாதம். இதைப் போட்ட மகராசன் கப்பல்ல கால் வச்சதே இல்லன்னு எழுத்துலயே தெரியுது.

போர்ட் பிளேருக்கு 2024-ல ஸ்ரீ விஜயபுரம்னு பேரை மாத்திட்டாக. பேருதான் மாறுச்சு, தூரம் மாறலை. அங்கருந்து இங்க வரக் கடல் வழி 120 கிலோமீட்டருக்குப் பக்கம். சர்க்கார் கப்பலுக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். நடுவுல டங்கன் பாசேஜ் கடல்ல காத்து கிளம்பிட்டா நீ மேடையே போட வேண்டாம். விருந்தாளி ஒவ்வொருத்தரும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, கடலைப் பாத்துத் தானாவே உரை ஆத்துவாக. திரும்பிப் போற கப்பலா? அது எப்பன்னு உங்க நிகழ்ச்சி நிரல் சொல்லாது, வானம் சொல்லும். ஹெலிகாப்டர்ல கூட்டியாரலாமேன்னு இழுக்காதே. அதுல இருக்கிறதே கொஞ்சம் சீட்டு. எவனாச்சும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னா, பேராசிரியரு இறங்கித்தான் ஆகணும்.

சரி, வந்துட்டாகன்னே வையி. இங்க பாக்கிறதுக்கா குறைச்சல்? ஜெட்டியிலருந்து ஆறரை கிலோமீட்டர்ல ஒயிட் சர்ஃப் அருவி. பதினாலாவது கிலோமீட்டர்ல பட்லர் பே மணல். குளிக்கட்டும், ஆனா ஓடை வாய்ப்பக்கம் போக விடாதே. கழுத்துல மாநாட்டு அட்டை தொங்குதேன்னு உப்புத்தண்ணி முதலை ஒதுங்கிப் போகாது. அப்புறம் பாமாயில் தோப்பு, 1,593 ஹெக்டேர். மழைக்காட்டை வெட்டிப்புட்டு நட்டது. சுற்றுச்சூழல் மாநாடுதானே உங்களது? அது முன்னால நிக்க வச்சுக் குரூப் போட்டோ எடு. படத்துல பச்சையாத்தான் விழும், ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாக.

கடைசி வரியில ஒண்ணு போட்டிருக்கீகளே, 'முடிந்தால் டுகாங் க்ரீக், ஓங்கே மக்களைக் காணுதல்'னு. அதை வாசிக்கையில பேத்திக்கே சிரிப்பு வந்துருச்சு. அது பழங்குடிக் காப்பு நிலம், மாப்ளே. 1956-லயே சட்டம் போட்டாச்சு. அனுமதியில்லாம நுழைஞ்சா ஜெயிலு. நூத்துச் சொச்சம் பேரு மிஞ்சியிருக்கிற சனம். 2004 டிசம்பர் 26 சுனாமியில கடல் உள்வாங்குனதைப் பாத்ததுமே மேட்டுக்கு ஏறி உசிரைக் காப்பாத்திக்கிட்டவுக. அன்னிக்கு ஹட் பே ஜெட்டியும் அலைதாங்கிச் சுவரும் பட்ட பாடு ஊரறியும். பாடம் படிக்கணும்னா அவுகதான் மாநாடு கூட்டணும், நாம பின் பெஞ்சுல உக்காரணும். அதை விட்டுட்டு பஸ் ஜன்னல் வழியா எட்டிப் பாக்கவா?

சீமையில மாநாட்டுக்குப் போனா, மறுநாள் பஸ்ஸுல ஏத்தி ஸ்டோன்ஹெஞ்சுங்கிற கல்லுகளைக் காட்டுவாகளாமே. சுத்திக் கயிறு கட்டியிருக்குமாம். இதே பெரிய மனுசங்க கயித்துக்கு இந்தப்பக்கம் கைகட்டி நின்னு பாத்துட்டு, வாயைப் பொத்திக்கிட்டு வாராக. கல்லுக்கு அம்புட்டு மரியாதை. உசிரோட இருக்கிற மனுசனை மட்டும் கிட்டப் போயி உத்துப் பாக்கணுமாம்.

அதனால நான் சொல்றபடி செய்யி. விருந்தாளிக கிட்ட, "ஹட் பேயில ரெண்டு ராத்திரி தங்கணும், நிகழ்ச்சி நிரல் கிடையாது, போன் சரியா எடுக்காது, கப்பல் வந்தாத்தான் திரும்பலாம்"னு சொல்லிட்டு, யாரு கை தூக்குறாகன்னு பாரு. நாலு பேரு தேறுவாக. அவுகளை அனுப்பி வையி. நம்ம வீட்டுத் திண்ணை இருக்கு, உங்க அத்தை வைக்கிற மீன் குழம்பு இருக்கு. மத்தவுகளை ராஸ் தீவுக்குக் கூட்டிட்டுப் போ. போர்ட் பிளேருலருந்து போட்ல கொஞ்ச நேரந்தான். விருந்துக்கு மணி தப்பாமத் திரும்பிரலாம். வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன இடிஞ்ச பங்களா இருக்கு, புள்ளிமானும் கிடக்கு. கிட்டப் போயி எம்புட்டு வேணும்னாலும் போட்டோ எடுக்கட்டும். மானு கேஸ் போடாது.