சுவர் தேயும், மண் தேயாது

கேள்வி: தென்காசியில் காசி விசுவநாதர் கோயில் பக்கம், நெருக்கமான தெருவில் ஓர் அடுக்குமாடி வீடு விலைக்கு வருகிறது. மொத்தமே எட்டு வீடுகள். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் டைல்ஸைப் பார்க்கும் முன் பத்திரத்தைப் பாருங்கள். அடுக்குமாடியில் நிலைத்து நிற்கும் சொத்து, மனையில் உங்கள் பேருக்கு எழுதித் தரும் பிரிபடாத பாகம்தான். புரோக்கர்கள் யுடிஎஸ் என்பது இதையே. 4,800 சதுர அடி மனையில் ஒரே அளவாக எட்டு வீடு என்றால் வீட்டுக்கு 600 சதுர அடி வரவேண்டும். பத்திரத்தில் 400 என்றிருந்தால் எட்டு வீட்டுக்கும் சேர்த்து 3,200தான் ஆயிற்று. மிச்சம் 1,600 சதுர அடி விற்றவர் கையிலேயே இருக்கிறது. நாளைக்கு மொட்டைமாடியில் இன்னொரு தளம் எழுப்ப அவர் நினைத்தால், அந்தப் பாகத்தைக் காட்டித்தான் உரிமை பேசுவார்.

கேள்வி: நாம் குடியிருப்பது வீட்டில், மண்ணுக்கு ஏன் இத்தனை கவலை? ரெரா சட்டம் காப்பாற்றாதா?

பதில்: 2016-இல் வந்த ரெரா, அதாவது மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், நல்ல சட்டம். கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பை, சொல்லித்தான் விற்கவேண்டும். ஒப்பந்தம் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. கட்டுமானக் குறைக்கு ஐந்தாண்டு பொறுப்பு உண்டு. ஆனால் மனை 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலும், வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலும் ரெராவில் பதிவு கட்டாயமில்லை. கோயிலைச் சுற்றிய பழைய தெருக்களில் கிடைப்பது சின்ன மனைதான். அங்கே உங்களுக்குக் காவல் நீங்களே: தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, அனுமதி வரைபடம் மூன்றையும் வக்கீலிடம் காட்டுங்கள். மண்ணுக்கு ஏன் கவலை என்றால், கட்டடத்துக்கு வயது உண்டு. சென்னையில் பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது பேரம் பாகத்தின் அளவை வைத்தே நடக்கிறது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே மறுகட்டுமானம் செய்யலாம். அந்த நாளில் உங்கள் சுவரை யாரும் விலை கேட்கமாட்டார்கள்.

கேள்வி: மண்தான் முக்கியமென்றால் இலஞ்சி, மேலகரம் பக்கம் தனி மனையே வாங்கிவிடலாமே?

பதில்: நியாயமான கேள்வி. வயதான பெற்றோருக்குக் கோயிலும் கடையும் ஆஸ்பத்திரியும் நடை தூரத்தில் வேண்டுமென்றால் ஊருக்குள் இருப்பதுதான் வசதி. இன்னொரு காரணத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். எட்டுக் குடும்பம் ஒரே மனையில் குடியேறினால், எட்டு வீட்டுக்கான வயல் பிழைக்கும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. தலைநகரான ஊர் வளரத்தான் செய்யும். சிற்றாற்றுப் பாசன வயலில் ஒருமுறை மனைக்கல் நட்டால், அது திரும்ப நாற்றங்கால் ஆவதில்லை. நெருக்கமான தெருவில் நேர்மையாகக் கட்டிய அடுக்குமாடி, ஊரின் பச்சைக்கும் காவல்.

கேள்வி: குற்றாலத்தில் சீசனுக்கென்று ஒரு ஃப்ளாட்?

பதில்: சாரல் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, பராமரிப்புக் கட்டணம் பன்னிரண்டு மாதமும். குடியிருக்க ஆளில்லாத வீடுகள் நிறைந்த கட்டடத்தில் மோட்டார் பழுதானால் கூட்டம் கூட்டவும் ஆள் கிடைக்காது. வாங்குவதென்றே முடிவானால் இருமுறை போய்ப் பாருங்கள். ஜூலையில் சுவர் ஒழுகுகிறதா என்று பார்க்க. மே மாதம் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க. இரண்டிலும் தேறினால், பத்திரத்தில் உங்கள் மண்ணின் அளவைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.