அப்ப அவங்க மட்டும் என்னவாம்?

பெரம்பலூர் பஸ் போய்விட்டதா என்றுதான் கேட்டேன். குன்னம் கடைத்தெருவில் நின்றுகொண்டு இதைவிட அரசியல் கலக்காத ஒரு கேள்வியைக் கேட்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தாமலே, "எல்லாரையும் ஓசியில ஏத்திக்கிட்டுப் போனா பஸ்சு எப்புடி நேரத்துக்கு வரும்?" என்றார். டீ மாஸ்டர் ஆற்றுவதை அந்தரத்தில் நிறுத்தினார். "ஏன் பெரியப்பா, ஒங்க மருமவளும் அதுலதான தெனம் வேலைக்குப் போவுது? அது மட்டும் இனிக்குதா?"

முடிந்தது கதை. பெரியவர் எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்க படிச்சவரு. நியாயத்த நீங்களே சொல்லுங்க." நியாயத்தைச் சொல்ல நான் வாயைத் திறந்தபோதெல்லாம் அவரே சொல்லிக்கொண்டார். பஸ் வந்தது, நின்றது, போனது. டீ வரவே இல்லை.

இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. அதனால், வேறு கட்சிக்காரரோடு மனஸ்தாபம் இல்லாமல் அரசியல் பேசுவது எப்படி என்பதற்கு எனக்குத் தெரிந்த உறுதியான வழி ஒன்றை இங்கே எழுதிவிடப் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம்.

"அப்ப அவங்க மட்டும் என்னவாம்?" என்கிற வாக்கியத்தைச் சட்டம் போட்டுத் தடை செய்தால் தமிழ்நாட்டில் பாதி டீக்கடைகளுக்கு வியாபாரம் படுத்துவிடும். இந்த வாக்கியம் ரிவர்ஸ் கியர் மட்டுமே உள்ள பஸ். ஏறி உட்கார்ந்தால் பின்னால்தான் போகும். 2021 மே மாதம் வந்த பெண்கள் இலவசப் பயணத்தில் கிளம்புகிறோம். "ஏன், 2011-ல மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் குடுத்தாங்களே, அது யாரு ஊட்டுப் பணம்?" என்கிறார் மாஸ்டர். "2006-ல கலர் டிவி குடுத்து ஆரம்பிச்சு வெச்சது யாரு?" என்கிறார் பெரியவர். வண்டி வேகம் எடுக்கிறது. நடுவில் விட்டுப்போன கூவத்தூர் சொகுசு விடுதிக்காக 2017-க்கு ஒரு தடவை முன்னால் வந்துவிட்டு, திரும்பவும் பின்னால் போகிறது. 1995-ல் நடந்த வளர்ப்பு மகன் கல்யாணத்தில் நின்று, பந்தலை ஒரு சுற்றுப் பார்க்கிறோம். 1989 மார்ச் 25 சட்டமன்றத்தில் யார் யாரை என்ன செய்தார்கள் என்பதற்குக் கடையில் இரண்டு நேரடிச் சாட்சிகள் இருக்கிறார்கள். இருவரும் அன்றைக்கு வயலில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவர்கள்.

1976-ல் ஆட்சிக் கலைப்பு, சர்க்காரியா கமிஷன். 1972-ல் எம்.ஜி.ஆரை நீக்கியது சரியா, தப்பா. 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தியது யார். இந்த இடத்தில் மட்டும் பேச்சு கொஞ்சம் மெதுவாகப் போகும். ஏனென்றால் இரண்டு தரப்பிலும் ஆட்கள் முதல் நாள் ராத்திரி அங்கே போய் வந்தவர்கள். 1967-ல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி கிடைத்ததா, கிடைத்தால் எத்தனை நாளைக்கு. அப்புறம் 1956 நவம்பர் 23, அரியலூர் ரயில் விபத்து. மருதையாற்றில் வெள்ளம் வந்து பாலம் போன அந்த விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தது நாட்டுக்கே தெரியும். எங்கள் பக்கத்தில் அதைவிட, துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனை வைத்து அடுத்து வந்த தேர்தலில் கட்டிய எதுகை மோனைதான் நினைவில் நிற்கிறது. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் சிரிக்கிறார்கள். செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இன்னும் பின்னால் போங்கள். 1953-ல் குலக்கல்வி. 1949-ல் ராபின்சன் பூங்கா, மழை. 1937-ல் கட்டாய இந்தி. 1920-ல் நீதிக்கட்சி. இதற்கு மேல் கட்சியே இல்லையே, வண்டி நின்றுதானே ஆக வேண்டும் என்று நினைப்பீர்கள். நிற்காது. அரியலூர் மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. 2025 ஜூலையில் ஆடித் திருவாதிரைக்குப் பிரதமரே வந்து போனதிலிருந்து ராஜேந்திர சோழனும் ஒரு கூட்டணிக்குள் இழுக்கப்பட்டுவிட்டார். "சோழகங்கம் ஏரிய வெட்டுனது ராஜேந்திரன். சரி, அத தூர்வாருனது எந்த ஆட்சி?" என்றார் ஒருவர். ஆயிரம் வருஷம் பின்னால் போன வண்டி ஒரே கேள்வியில் இன்றைக்குத் திரும்பிவிட்டது. மறுபடியும் 2021. மறுபடியும் ஓசி பஸ். என் முழங்கை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

இந்தப் பக்கம் ஒரு காலத்தில் கடல். ஏர் உழுதால் அம்மோனைட் கல் கிடைக்கிறது. சாத்தனூரில் 12 கோடி ஆண்டுக்கு முந்தைய மரம் கல்லாகக் கிடக்கிறது. கடலே பின்வாங்கிய சீமை இது. வாதத்தில் ஓரடி பின்வாங்கிய மனிதன் ஒருத்தனை மட்டும் நான் இங்கே பார்த்ததில்லை.

வழியைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் வரைபடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. 2001-ல் அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். ஆட்சி மாறியது, 2002-ல் மறுபடி சேர்த்தார்கள். ஆட்சி மாறியது, 2007-ல் மறுபடி பிரித்தார்கள். எங்கள் பங்காளி வீட்டில்கூட இவ்வளவு பாகப்பிரிவினை நடந்ததில்லை. பேச்சு இதோடு நிற்கிறதா? நாங்கள் பெரம்பலூர் மாவட்டம். பெரம்பலூர் என்ற பெயரில் ஒரு நாடாளுமன்றத் தொகுதியும் இருக்கிறது. நாங்கள் அதில் இல்லை. கரூர் மாவட்டத்துக் குளித்தலைக்காரர்கள் அதில் இருக்கிறார்கள். நாங்கள் ஓட்டுப் போடுவது சிதம்பரத்துக்கு. யார் இதை இப்படிப் பிரித்தது என்று கேட்டுப் பாருங்கள். பிரித்தவர்களைத் திட்டுவார்கள், உடனே பக்கத்திலிருந்து குரல் வரும்: அப்ப அவங்க மட்டும் என்னவாம்?

அந்தச் சிதம்பரத்தில் 2019-ல் தொல். திருமாவளவன் ஜெயித்த வித்தியாசம் 3,219 ஓட்டு. ராத்திரி வரை இழுத்த எண்ணிக்கை. டிவி முன்னால் மாமனும் மச்சானும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு சேனலை நம்பிக்கொண்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் விடிய விடிய விழித்திருந்தார்கள். சட்டமன்றமும் அப்படித்தான். குன்னம் தொகுதி பிறந்து முதல் தேர்தல் 2011-ல். அப்போது தி.மு.க., 2016-ல் அ.தி.மு.க., 2021-ல் திரும்பவும் தி.மு.க. கணக்குப்படி பார்த்தால் எங்கள் ஊரில் ஏகப்பட்ட பேர் மாற்றி மாற்றிப் போட்டிருக்க வேண்டும். அப்படிப் போட்டதாக ஒப்புக்கொண்ட ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். ஊரே பரம்பரை பரம்பரையாக ஒரே சின்னம் என்று சத்தியம் செய்கிறது. அப்படியானால் ஆட்சியை மாற்றியது யார்? குளித்தலைக்காரர்களா?

இதில் தலைவர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. 1998-ல் பா.ம.க.வும் ம.தி.மு.க.வும் அ.தி.மு.க. பக்கம், அடுத்த வருஷமே தி.மு.க. பக்கம். பா.ஜ.க.வும் அந்த ஒரு வருஷத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வந்தது. மேடையில் சால்வை மாற்றிக்கொண்டார்கள், சரியாகிவிட்டது. கீழே இருப்பவன் நிலைமையை யோசியுங்கள். மக்காச்சோளம் அடிக்க மெஷின் தர மாட்டேன் என்று ஆறு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தவனோடு திடீரென்று ஒரே வேனில் ஏறி, ஒரே கோஷத்தைப் போட வேண்டும். அவன் போடுகிறான், அதுவும் தொண்டை கிழிய. மெஷின் மட்டும் கடைசிவரை தரவில்லை.

நாகரிக அரசியல் என்று பேச்செடுத்தால் எல்லாரும் பெரியாரையும் ராஜாஜியையும்தான் கூட்டிவருவார்கள். கொள்கையில் எதிரும் புதிரும். ஆனாலும் 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது பெரியார் சுடுகாடு வரை வந்து அழுதார். உண்மை, பெரிய விஷயம். ஆனால் இந்தக் கதையை என்னிடம் சொன்னவர்கள் யாரும் கேட்பவனைத் திருத்தாமல் விட்டதில்லை. "அந்தக் காலத்து மனுசங்க பண்பு எங்க, ஒங்க கட்சிக்காரன் புத்தி எங்க" என்றுதான் முடிக்கிறார்கள். பண்பை வைத்து அடிக்கிற அடி கட்டையால் அடிப்பதைவிட வலிக்கிறது.

சலூன்காரர்கள் விவரமானவர்கள். 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று எழுதி மாட்டிவிடுகிறார்கள். நான் முடிவெட்டிக்கொள்ளும் இடத்திலும் அந்த போர்டு உண்டு. கண்ணாடிக்கு மேலே, ஒரு கட்சித் தலைவரின் படத்துக்கும் இன்னொரு கட்சியின் காலண்டருக்கும் நடுவில். அந்த போர்டை முதலில் மீறுபவர் எப்போதும் கத்தி வைத்திருப்பவர்தான். கழுத்தில் கத்தி இருக்கும்போது எனக்கு எல்லாக் கொள்கையும் உடன்பாடாகிவிடுகிறது. இதுதான் நான் கண்ட ஒரே சுமுகமான அரசியல் உரையாடல்.

நடுநிலை என்று சொல்லித் தப்பிக்கலாமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். இவர்கள் சொல்லிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். கட்சிக்காரனுக்கு எதிர்க்கட்சியிடம் மட்டும்தான் அடி; நடுநிலைக்கு இரண்டு பக்கமும். சொந்த அத்தை ஒரு பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: "நடுநிலன்னா எந்தக் கட்சிடா?"

சரி, அந்த வழி. எழுத உட்கார்ந்தபோது என் மாமனார் பின்னால் வந்து நின்று, இதுவரை எழுதியதை முழுக்கப் படித்தார். விரல்விட்டு எண்ணினார். "மாப்ள, எங்கள கூடத் திட்டிருக்கீங்க. அவங்கள கொறச்சுத் திட்டிருக்கீங்க" என்றார். இல்லை மாமா, சமமாகத்தான் இருக்கிறது என்று வரிவரியாகக் காட்டினேன். அவரும் வரிவரியாகப் பார்த்து ஒப்புக்கொண்டார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அதான் கேக்குறேன், அவங்களயும் எங்களயும் நீங்க எப்புடி சமம்னு சொல்லலாம்?" என்றார். இப்போது 1977-ல் இருக்கிறோம். முடிந்ததும் எழுதுகிறேன்.