வலி இங்கே, தடி அங்கே!

கேள்வி: எனக்கு வலது இடுப்பு மூட்டில் வலி. கைத்தடியை வலது கையில் ஊன்றினால், பிசியோதெரபிஸ்ட் அதைப் பிடுங்கி இடது கையில் கொடுக்கிறார். வலி ஒரு பக்கம், முட்டு ஒரு பக்கமா?

பதில்: ‘ஹவுஸ்’ சீரியல் பார்ப்பீர்களோ? அதில் டாக்டருக்கே வலது தொடையில் கோளாறு, தடியும் வலது கையில்தான். அவருக்கென்ன, வலி ஸ்கிரிப்டில்தானே!

ஒவ்வொரு அடியிலும் சற்று நேரம் நாம் ஒற்றைக்காலில் நிற்கிறோம். வலது காலில் நிற்கும்போது இடுப்பெலும்பு இடப்பக்கமாகச் சரியப் பார்க்கும். சரியாமல் இழுத்துப் பிடிப்பது வலது பிட்டத்துத் தசை. பாவம், அது மூட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. உடம்பின் பாரமோ தள்ளி இருக்கிறது. எனவே பாரத்தைவிட அதிகமாக இழுத்தாக வேண்டும். அந்த இழுவையும் சேர்ந்து மூட்டின் தலையிலேயே விடிகிறது. பெர்லினில் ஆய்வாளர் பெர்க்மான் குழுவினர் செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுக்கருவி வைத்துப் பார்த்தார்கள். சாதாரண நடையிலேயே உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு! 60 கிலோ ஆசாமிக்கு 150 கிலோ.

இடது கைத் தடி அந்த மூட்டிலிருந்து வெகுதூரம். லேசாக அழுத்தினாலே தசைக்கு நிம்மதி. ‘கைத்தடியை எறிந்துவிடாதீர்கள்’ என்று அமெரிக்க எலும்பு மருத்துவர் பிளவுன்ட் 1956-லேயே கட்டுரை எழுதிவிட்டார்.

தடியும் வலது காலும் ஒன்றாக முன்னே போகட்டும். பிடி மணிக்கட்டு உயரம். அடிரப்பர் தேய்ந்தால் மாற்றுங்கள். காய்கறிப் பையை மட்டும் வலது கையில் தூக்கலாம். வீட்டில் வேறு யார் தலையிலாவது கட்டினால் இன்னும் உத்தமம்.